சாமக்கொடையும் தங்கத் தட்டும்

எங்கள் ஆச்சிக்குக் காது கூர்மை. கண் மங்கிப்போன பிறகு அது இன்னும் கூடிவிட்டது. ஆடி மாதத்து ராத்திரிகளில் முற்றத்தில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருப்போம். கரண்ட் போயிருக்கும். மேலக்காற்று ஓங்கி வீசும்போது எங்கிருந்தோ கொட்டுச் சத்தம் கேட்கும். காற்று ஓய்ந்தால் சத்தமும் ஓய்ந்துவிடும். திரும்ப வரும்போது வேறு எங்கேயோ வாசித்துக்கொண்டிருப்பார்கள்.

"ஏலே, கேக்கியா? மகுடம் அடிக்கானுவ. சுடலைக்குக் கொடை." மகுடம் எங்கள் பக்கத்துக் கொட்டு, கொடை எங்கள் பக்கத்துக் கோயில் விழா.

"எந்த ஊர்ல ஆச்சி?"

"மேலக்காத்துல்லா கொண்டாருது. மேக்க எந்த ஊர்ல சுடலை இருக்கு, நீயே சொல்லு."

கொஞ்ச நேரம் கழித்து, எனக்குக் கண் சொருகும்போது, "சாமி வந்துட்டு" என்பாள். அடி மாறிவிட்டதாம். எனக்கு எல்லாம் ஒரே தும் தும்தான். நாலைந்து கிலோமீட்டர் தள்ளி, இருட்டுக்குள், முகம் தெரியாத யாரோ மாட்டுத்தோலில் அடிப்பதை வைத்து எந்தச் சாமி, எந்தத் திசை, பூசை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். மறுநாள் விசாரித்தால் சரியாக இருக்கும்.

மேடைகளில் அடிக்கடி இரண்டு வாக்கியங்கள் கேட்கிறோம். ஒன்று, "இசைக்கு மொழி கிடையாது." இன்னொன்று, "இசை ஓர் உலகப் பொதுமொழி." ஒன்று மொழி இல்லை என்கிறது, மற்றது மொழிதான் என்கிறது, இரண்டுக்கும் ஒரே இடத்தில் கைதட்டுகிறார்கள். எனக்கு இந்த இரண்டிலும் நம்பிக்கை குறைந்தது 1977இல் நாம் விண்வெளிக்கு அனுப்பிய அந்த இசைத்தட்டை முழுசாக உட்கார்ந்து கேட்ட பிறகுதான்.

வாயேஜர் விண்கலங்களைப் பற்றிப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்பீர்கள். வாயேஜர் 2 1977 ஆகஸ்ட் 20 அன்று கிளம்பியது, வாயேஜர் 1 செப்டம்பர் 5 அன்று. இரண்டிலும் பக்கவாட்டில் ஆளுக்கொரு இசைத்தட்டு பொருத்தியிருக்கிறார்கள். செம்பில் செய்து தங்க முலாம் பூசிய 12 அங்குலத் தட்டு. அதில் 55 மொழிகளில் வணக்கம், நூற்றுப் பதினைந்துக்கும் மேற்பட்ட படங்கள், மழை, இடி, முத்தம், ரயில் என்று பூமியின் சத்தங்கள், அப்புறம் 27 இசைத் துண்டுகள். இசை மட்டும் ஏறத்தாழ 90 நிமிடம். வானியலாளர் கார்ல் சேகன் தலைமையில் ஒரு சின்னக் குழு சில மாதங்களுக்குள் அவசர அவசரமாகச் சேர்த்தது.

அந்தத் தட்டை எப்படிப் போட்டுக் கேட்பது என்ற விளக்கம் உறையின் மேல் கோட்டுப்படமாக இருக்கிறது. எனக்கு இசையைவிட முதலில் பிடித்துப்போனது இதுதான். ஊசியும் கூடவே வைத்து அனுப்பியிருக்கிறார்கள். எந்த வேகத்தில் சுற்ற வேண்டும் என்று எப்படிச் சொல்வது? தட்டைக் கண்டெடுக்கப்போகும் வேற்றுக் கிரகத்தாருக்கு நம் நிமிடமும் நொடியும் என்ன தெரியும்? அதனால் ஹைட்ரஜன் அணுவைப் பிடித்தார்கள். அந்த அணு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறும்போது வெளிவரும் அலைக்கு ஒரு கால அளவு உண்டு. ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் அதில் 0.70 பங்கு. அண்டத்தில் எங்கே போனாலும் ஹைட்ரஜன் ஒன்றுதான். அதை அலகாக வைத்து, ஒரு சுற்றுக்கு இத்தனை அலகு என்று எழுதிவிட்டார்கள். நம் கணக்கில் அது 3.6 நொடி. சாதாரண எல்.பி. ரெக்கார்டின் வேகத்தில் சரிபாதி. மெதுவாகச் சுற்றினால்தானே ஒரே தட்டில் இவ்வளவும் அடங்கும்.

வேகம் தப்பினால் என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எங்கள் டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்க இறங்கப் பாடகரின் குரலும் இறங்கும். கணீரென்று ஆரம்பித்தவர் சரணத்துக்கு வரும்போது கிணற்றுக்குள்ளிருந்து பாடுவார். "தூக்கத்துல பாடுதானோ" என்பாள் ஆச்சி. பேட்டரியை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவோம். கேட்கிறவனுக்கு மனிதக் குரல் எப்படி இருக்கும் என்று முன்பே தெரியும், அதனால் தப்பு புரிகிறது. ஒரு தடவைகூட மனிதக் குரலைக் கேட்டிராத ஒருவருக்கு ஆழத்திலிருந்து வரும் அந்தக் குரலும் சரியான குரல்தான்.

சரி, பாட்டுகளுக்கு வருவோம். ஐரோப்பிய இசைமேதைகளில் பாக் மட்டும் மூன்று முறை வருகிறார். பேத்தோவன் இரண்டு முறை. சக் பெரியின் ராக் அண்ட் ரோல் ஒன்று இருக்கிறது. அதைச் சேர்ப்பதற்கு நாட்டுப்புற இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் மறுப்புச் சொன்னார், விடலைத்தனமான சங்கதி என்று. இந்தக் கிரகத்தில் விடலைகளும் நிறைய இருக்கிறார்களே என்றாராம் சேகன். பார்வையற்ற தெருப்பாடகர் வில்லி ஜான்சன் 1927இல் பதிவு செய்த, சொல்லே இல்லாமல் முனகும் ஒரு பாட்டும் உண்டு. என்னைக் கேட்டால் தட்டு முழுவதற்கும் அது ஒன்றே போதும். ஆனால் அது என் ரசனை.

இந்தியாவுக்கு ஒரே ஒரு இடம். கேசர்பாய் கேர்க்கர், பைரவி ராகம், மூன்றரை நிமிடம். ஒரு பத்திரிகையில் முதன்முதலாக இதைப் படித்தபோது நான் மனசுக்குள் நம் பைரவியைப் போட்டுக் கேட்டுக்கொண்டேன். கனமான, கச்சேரி நடுவில் வருகிற பைரவி. ரொம்ப நாள் அந்த நினைப்பிலேயே இருந்தேன். பிறகு உண்மையான பதிவைக் கேட்டால் அது வேறு. இந்துஸ்தானி பைரவி. சுரங்களை மட்டும் எடுத்தால் நம் தோடியின் சுரங்கள், வாசனை சிந்துபைரவி. ஒரே நாட்டுக்குள், ஒரே பெயருக்கு, இரண்டு ராகம். நம் வீட்டுக்குள்ளேயே இவ்வளவு குழப்பம்.

அந்தப் பதிவு கிடைத்த கதை சுவையானது. கேசர்பாய் கோவாவின் கேரி கிராமத்தில் பிறந்தவர். ஜெய்ப்பூர் அத்ரௌலி கரானா என்ற இசைப் பரம்பரையின் அல்லாதியா கானிடம் கற்றவர். பதிவு விஷயத்தில் கறாரானவர், அதனால் தட்டுகள் அதிகம் இல்லை. வாயேஜர் குழுவில் இருந்த ஆன் ட்ரூயன் இந்த ஒரு தட்டைத் தேடி அலைந்தார். கடைசியில் கிடைத்தது நியூயார்க்கின் லெக்சிங்டன் அவென்யூவில், ஓர் இந்தியக் குடும்பம் நடத்திய வீட்டுச் சாமான் கடையில். மேஜைக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் கிடந்ததாம். மிக்ஸிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவில் என்று நானாகக் கற்பனை செய்துகொள்கிறேன். வாயேஜர் 1 கிளம்பிய 11ஆம் நாள், 1977 செப்டம்பர் 16 அன்று, கேசர்பாய் காலமானார்.

இவரைப் பரிந்துரைத்தவர் ராபர்ட் பிரவுன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? மிருதங்கம். அவர் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இசைத் திட்டத்துக்கு முதலில் போன கலைஞர்களில் ஒருவர் டி. ரங்கநாதன், பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியின் தம்பி. பிரவுனுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுத்தவர் அவர். இவ்வளவு தூரம் நம் பக்கம் வந்துவிட்டு, கர்நாடக இசையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டாரே என்று ஒரு மனத்தாங்கல் வரும். எனக்கும் வந்தது. கேசர்பாயின் அந்த மூன்றரை நிமிடத்தைக் கேட்டதும் போய்விட்டது.

இன்னொரு மனத்தாங்கல் இருக்கிறது, அது அவ்வளவு சீக்கிரம் போகாது. 55 மொழி வணக்கங்களில் தமிழ் இல்லை. தெலுங்கு இருக்கிறது, கன்னடம் இருக்கிறது, சிங்களம் இருக்கிறது, மராட்டியும் ராஜஸ்தானியும் இருக்கின்றன. பேச ஆளே இல்லாத சுமேரியம், அக்காடியம், ஹிட்டைட்டுகூட இருக்கின்றன. இதில் சதி எதுவும் இல்லை. சேகன் வேலை பார்த்த கார்னெல் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலானவற்றைப் பதிவு செய்தார்கள், அந்தச் சமயத்தில் யார் யார் கைக்கு எட்டினார்களோ அவர்கள் பேசினார்கள். ஒரு தமிழர் அன்றைக்கு அந்தப் பக்கம் நடந்து போயிருந்தால் கதை வேறு. என்ன பேசியிருப்பார்? "யாதும் ஊரே"தான், வேறென்ன. யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். அதனாலேயே அது இல்லாதது ஒருவகையில் நிம்மதி என்றும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

தட்டை வீட்டில் ஓட விட்ட நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நான் சீனாவின் கூச்சின் இசையைப் போட்டேன். ஏழு கம்பி கொண்ட பழைய வாத்தியம். குவான் பிங்ஹூ வாசித்தது, ஓடும் நீரைப் பற்றியது, ஏழரை நிமிடம். நான் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூன்றாவது நிமிடத்தில் அம்மா, "வீணைக்குச் சுருதி கூட்டுதானா? எப்பம் பாட்டு ஆரம்பிப்பான்?" என்றாள். சிரித்தேன். ஆனால் கண்ணைத் திறந்துவிட்டுக் கேட்டால் எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஓடும் நீர் என்று தலைப்பைப் படித்திருந்ததால்தான் எனக்குத் தண்ணீர் கேட்டது.

அடுத்து ஜார்ஜியாவின் சக்ருலோ. ஆண்கள் சேர்ந்து பல குரலில் பாடுவது. மலைமேல் ஒரு பழைய தேவாலயம், மெழுகுவத்தி, நீள அங்கி போட்ட துறவிகள் என்று நான் முழுப் படமே ஓட்டிக்கொண்டேன். பிறகு தேடிப் பார்த்தால் அது போருக்குப் புறப்படுவதைப் பற்றி விருந்தில் பாடும் பாட்டு. கையில் மெழுகுவத்தி இல்லை, மதுக்கோப்பை. தட்டைத் தயாரித்தவர்களுக்கே சறுக்கியிருக்கிறது. அஜர்பைஜானின் 'முகாம்' என்ற மரபிசைத் துண்டைப் பட்டியலில் பைக்குழல் என்று போட்டார்கள். அதில் ஒலிப்பது பாலபன் என்ற குழல், நம் நாதஸ்வரம்போல நாணல் சீவாளி வைத்து ஊதுவது. இத்தனைக்கும் ஒரே பூமி, ஒரே மாதிரிக் காது.

கேசர்பாய்க்கு அம்மா சொன்னது மட்டும் வேறு மாதிரி. கீரையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "பழைய நாடகப் பாட்டா?" என்றாள். அந்தக்கால நாடக மேடைகளில் இந்துஸ்தானி மெட்டுகள் புழங்கியதுதான். ஒரு கயிறு எங்கேயோ போய் மாட்டிக்கொண்டது. பாட்டின் சொல், "எங்கே போகிறாய்" என்று ஆரம்பிக்கிறது என்று சொன்னேன். "எங்க போவுது?" என்றாள் அம்மா. விண்கலத்தைக் கேட்கிறாளா, பாட்டிலிருக்கும் பெண்ணைக் கேட்கிறாளா என்று தெரியவில்லை.

இசை எல்லோருக்கும் புரியும் என்று நம்புகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது கணக்கில். கம்பியைச் சரிபாதியாக்கினால் மேல் சட்ஜமம். மூன்றில் இரண்டு பங்கு வைத்தால் பஞ்சமம், பழந்தமிழில் சொன்னால் இளி. இந்த விகிதம் எந்தக் கிரகத்துக் கம்பிக்கும் பொருந்தும், இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் விகிதம் பொருந்துவது வேறு, அது காதுக்கு இனிப்பது வேறு. பொலிவியாவின் அமேசான் காட்டில் சிமானே என்ற மக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இணக்கமான சுரச் சேர்க்கையையும் நாராசமான சேர்க்கையையும் போட்டுக் காட்டி, 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டும் ஒரே அளவுக்கு இனிமை என்று சொல்லிவிட்டார்கள். 2019இல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. அவர்கள் தொண்டைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சுரத்தைக் கேட்கவைத்துத் திருப்பிப் பாடச் சொன்னால், நாமெல்லாம் தானாகவே அதே சுரத்தைக் கீழ் ஸ்தாயியில் பாடுவோம் இல்லையா? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மேல் சட்ஜமமும் கீழ் சட்ஜமமும் ஒன்று என்பது நமக்குப் பழகிப்போனதே தவிர, பிறவியில் எல்லோருக்கும் வருவதல்ல போல.

இதெல்லாம் காது இருப்பவர்கள் சமாசாரம். காற்றே மாறினால்? செவ்வாயில் ஓடிக்கொண்டிருக்கும் பெர்சிவரன்ஸ் வண்டியில் மைக் உண்டு. அதை வைத்து 2022இல் ஒரு விநோதத்தை அறிவித்தார்கள். அந்த மெல்லிய கரியமில வாயுக் காற்றில், 240 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலி நொடிக்கு 240 மீட்டர் போகிறது, அதற்கு மேலே உள்ள ஒலி 250 மீட்டர். அதாவது மேல் சுரம் முந்திக்கொள்ளும், கீழ் சுரம் பின்தங்கும். அங்கே ஒரு கொடை நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாதஸ்வரம் முன்னால் வரும், தவிலின் தொப்பிப் பக்கம் அசைந்து அசைந்து பின்னால் வரும். தூரம் கூடக்கூட மேளம் இரண்டாகக் கழன்றுகொண்டே போகும். நல்லவேளையாக அந்தக் காற்றில் ஒலி சீக்கிரம் செத்துவிடுகிறது, பக்கத்துத் தெருவுக்கே கேட்காது. அங்கே பிறந்து வளர்ந்த ஒரு ஜீவன் தாளம் என்பதை எப்படி நினைத்திருக்கும் என்று யோசித்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

தட்டோடு விடவில்லை நாம். 2001இல் கிரீமியாவின் யெவ்பதோரியாவில் இருக்கும் 70 மீட்டர் ரேடார் தொலைநோக்கி வழியாக, அலெக்சாந்தர் ஸைத்சேவின் முயற்சியில், ஆறு நட்சத்திரங்களை நோக்கி ஒரு தெரமின் கச்சேரியையே அனுப்பினார்கள். தெரமின் என்பது தொடாமல் வாசிக்கும் வாத்தியம். இரண்டு கைகளையும் காற்றில் அசைத்தால் சத்தம் வரும். ஏன் தெரமின்? அதன் ஒலி கிட்டத்தட்டத் தூய ஒற்றை அலை. இரைச்சலுக்கு நடுவில் பொறுக்கி எடுப்பது சுலபம். 2017 அக்டோபரில் நார்வேயின் துரோம்சோவுக்கு அருகிலிருந்து, 12.4 ஒளியாண்டு தள்ளியிருக்கும் லூய்ட்டன் நட்சத்திரத்துக்கு, 33 இசைத் துண்டுகளை, ஒவ்வொன்றும் 10 நொடி, அனுப்பினார்கள். இது 2030இல் போய்ச் சேரும். அங்கே யாராவது இருந்து உடனே பதில் போட்டால் 2042 வாக்கில் வரும், நான் இருப்பேன் என்று நினைக்கிறேன்.

ஆனால் பத்து நொடிக்கு வெட்டி, ஒற்றை அலையாக இளைக்கவைத்து அனுப்புவதை இசை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது கணக்குக்குச் சட்டை போட்டு அனுப்புவது. இசையை நிஜமாகவே மொழியாக்கிப் பார்த்தவர் ஒருவர் உண்டு, 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா சூத்ர். டோ ரே மி என்ற ஏழு சுரங்களை வைத்தே சொல் செய்தார். டோமிசோல் என்றால் கடவுள். அதையே திருப்பி சோல்மிடோ என்றால் சாத்தான். இப்படி ஒரு அகராதியே போட்டார். பேசலாம், வயலினில் வாசிக்கலாம். நம்ம சரிகமவில் யோசித்துப் பாருங்கள்: சகப என்று பாடினால் கடவுள், பகச என்று இறங்கினால் சாத்தான். ஆரோகணத்தில் கும்பிட்டுவிட்டு அவரோகணத்தில் வசைபாட வேண்டும். எந்த ராகம் தாங்கும்? சொல்லுக்கு அர்த்தம் ஏறியதும் பாட்டு காலியாகிவிட்டது. அந்த மொழி பரவவில்லை.

வாயேஜர் தட்டில் எனக்கு ரொம்பப் பிடித்த குறும்பு திமிங்கிலம். மனிதர்களின் வணக்கங்களுக்கு நடுவிலேயே கூன்முதுகுத் திமிங்கிலத்தின் பாட்டையும் கலந்துவிட்டிருக்கிறார்கள். ரோஜர் பெய்ன் பதிவு செய்தவை. அந்தத் திமிங்கிலம் என்ன சொல்கிறது என்று அனுப்பியவர்களுக்கே தெரியாது. நம் கடலில், நம்மைப் போலவே பால் கொடுத்துக் குட்டி வளர்க்கும் ஒன்று பாடுவது என்னவென்று புரியாமலேயே, இந்தாருங்கள், நீங்கள் பாருங்கள் என்று நட்சத்திரங்களுக்கு அனுப்பியிருக்கிறோம். ஊரில் யாருக்கும் படிக்கத் தெரியாத தந்தியை அடுத்த ஊர்க்காரனிடம் கொடுத்துவிட்ட மாதிரி.

தட்டில் பாட்டு முடியும் இடத்துக்கும் நடு லேபிளுக்கும் இடையில் வழவழப்பான வெற்றிடம் இருக்குமே, அங்கே தட்டின் தயாரிப்பாளர் டிமதி ஃபெரிஸ் கையால் ஒரு வரி கீறிவைத்தார்: எல்லா உலகங்களிலும் எல்லாக் காலங்களிலும் இசை செய்கிறவர்களுக்கு. நாசாவின் பரிசோதகர்கள் தட்டை நிராகரித்துவிட்டார்கள். வரைபடத்தில் இந்தக் கீறல் இல்லையே! சேகன் மேலிடம் வரை பேசித்தான் அது ஏறியது. ஆச்சி மகுடச் சத்தத்தில் அத்தனையும் படித்தது அவளுக்கு அந்தச் சுடலையையும் அந்த ஊரையும் முன்பே தெரியும் என்பதால். எனக்குத் தெரியாது, எனக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பக்கம் யாரோ தூங்காமல் இருக்கிறார்கள். தட்டு யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்கும் என் பங்குதான் கிடைக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு 90 நிமிட இசைகூட வேண்டாம், அந்தக் கைக்கீறலே போதுமாக இருக்கலாம். வாயேஜர் 1 இன்னும் 40,000 ஆண்டு கழித்து க்ளீஸ 445 என்ற நட்சத்திரத்தை 1.6 ஒளியாண்டு தள்ளிக் கடக்கும். அதுதான் அதற்கு வரப்போகும் முதல் பக்கத்து ஊர்.

போன ஆடிக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஆச்சி இல்லை, கட்டில் இருக்கிறது. கரண்ட் இப்போதெல்லாம் அவ்வளவாகப் போவதில்லை, அன்றைக்குப் போயிருந்தது. மாடியில் உட்கார்ந்து சின்ன ஸ்பீக்கரில் தட்டின் செனகல் கொட்டைப் போட்டிருந்தேன். அது ரெண்டு நிமிடம்தான், அதனால் திரும்பத் திரும்ப. மேலக்காற்று நன்றாக வீசியது. அடுத்த வீட்டு மாடியிலிருந்து, இருட்டுக்குள், ஒரு பையன் குரல் கேட்டது.

"அண்ணே, கொட்டுச் சத்தம் கேக்கே, எந்த ஊர்க் கொடை?"

"செனகல்."

கொஞ்ச நேரம் யோசித்தான்.

"தென்காசி தாண்டியா?"

"ஆமா, தாண்டித்தான்" என்றேன்.